இறங்கிய ஈறும் ஒட்டுச் சிகிச்சையும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவன்

வயதானவர்களைப் பார்த்து, "பல் நீண்டு போச்சு" என்பார்கள் எங்கள் ஊரில். உண்மையில் பல் நீள்வதில்லை. ஈறுதான் விலகி வேரைக் காட்டுகிறது. பல்லின் மேற்பகுதிக்கு எனாமல் என்னும் கவசம் உண்டு. வேருக்கோ சிமெண்டம் என்னும் மெல்லிய படலந்தான். அது தேய்ந்து டென்டின் வெளிப்பட்டால் குளிர்ந்த நீர் பட்டதும் பல் கூசும். வேரில் சொத்தையும் விழும்.

பற்காறையால் வரும் ஈறு நோய், புகையிலை, முரட்டுத் தேய்ப்பு ஆகியவை இதற்குக் காரணங்கள். என் அம்மா சிறு வயது முதல் உமிக்கரியால் அழுத்தித் தேய்த்தவர். இன்று அவருடைய கீழ் முன்பற்கள் இரண்டில் வேர் தெரிகிறது.

கையில் பட்ட காயம் தானே ஆறுகிறதே, ஈறு மட்டும் ஏன் வளர்ந்து மூடுவதில்லை? வேரின் மேற்பரப்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆகவே புதுத் திசு பற்றி வளர அங்கே இடமில்லை. மேலும், வேரை முதலில் எந்தச் செல்கள் வந்தடைகின்றனவோ அவற்றைப் பொறுத்தே ஒட்டுதல் அமையும் என்று 1976இல் மெல்ச்சர் விளக்கினார். எபிதீலியச் செல்கள் வேகமாக நகர்பவை. அவை முந்திக்கொண்டால் உறுதியான பிடிப்பு உண்டாவதில்லை.

இனி அறுவையைப் பார்ப்போம். வேரைச் சுத்தம் செய்து, அருகிலுள்ள ஈற்றை மடல்போலத் தூக்குகிறார்கள். மேலண்ணத்திலிருந்து எடுத்த இணைப்புத் திசுத் துண்டை வேரின்மேல் பரப்பி, மடலை இழுத்து மூடித் தைக்கிறார்கள். ஒட்டிய துண்டு முதல் சில நாட்கள் சுற்றிலும் கசியும் திரவத்தைக் கொண்டே பிழைக்கிறது. பிறகு புது இரத்தக் குழாய்கள் அதனுள் நுழைகின்றன. லாங்கர், லாங்கர் என்னும் இருவர் 1985இல் வெளியிட்ட முறை இது. பற்களுக்கு இடையிலுள்ள எலும்பு குறையாதிருந்தால்தான் வேர் முழுவதும் மூடும் என்பதை அதே ஆண்டில் மில்லர் வகைப்படுத்திக் காட்டினார். அம்மாவுக்கு அந்த எலும்பு நன்றாகவே இருக்கிறதாம்.

அண்ணத்தில் கத்தி வைக்க விரும்பாதவர்களுக்கு மாற்றுப் பொருள்கள் உள்ளன. இறந்தவர் தானம் செய்த தோலிலிருந்து செல்களை நீக்கிய சவ்வு, பன்றிக் கொலாஜன் ஆகியவை அவற்றுள் சில. பன்றிக்குட்டியின் வளரும் பல்லிலிருந்து எடுத்த எனாமல் புரதம் ஒன்றும் உண்டு. அதை வேரில் தடவினால் புதிய சிமெண்டம் உருவாகத் தூண்டும். எனக்கு மிகவும் பிடித்தது 2001இல் பிரான்சில் ஷுக்ரூன் தந்த முறை. நோயாளியின் இரத்தத்தை, உறையாமல் தடுக்கும் மருந்து எதுவும் சேர்க்காமல், உடனே மையவிலக்குக் கருவியில் சுழற்றுகிறார்கள். அடியில் சிவப்பணுக்கள் படிய, மேலே தெளிந்த நீர் நிற்க, நடுவில் ஃபைப்ரின் உறைவு திரள்கிறது. அதை அழுத்தினால் தட்டணுக்கள் செறிந்த சவ்வு தயார்! ஆயினும் வேரை மூடுவதில் அண்ணத் திசுவுக்கே இன்றும் முதலிடம். கடைப்பொருள்களுக்கு விலையும் கூடுதல்; அண்ணத்துக்கு விலை ஏது?

இவ்வளவையும் அம்மாவிடம் விளக்கினேன். "பன்னியும் வேணாம், செத்தவங்க தோலும் வேணாம். என் வாயிலேருந்தே எடுக்கட்டும்" என்றார். அண்ணத்துக் காயம் ஆற இரண்டு மூன்று வாரம் ஆகும். மருத்துவர் சொல்லும் வரை தையல் போட்ட இடத்தில் தேய்க்கக் கூடாது. மருந்து நீரால் கொப்பளிக்க வேண்டும். அதுவரை காரமும் கூடாது என்றேன். அம்மாவுக்கு இப்போது அந்தக் கவலைதான் பெரிதாக இருக்கிறது.