வார்ம் வீல் வெட்டப் பழகும் தம்பிக்கு

கோவில்பட்டியில் என் பட்டறைக்கு வருகிற வேலையில் பாதி தீப்பெட்டி ஆபீஸ் மிஷின்களுடையது. வார்ம் வீல் தேய்ந்துபோனால் புதுசுக்கு அலைய நேரமிருக்காது. இங்கேயே வெட்டித் தர வேண்டும். வீட்டில் சின்ன லேத் போட்டிருக்கிறாயே, உனக்கும் ஆகும்.

1. கணக்கைப் பிடி. ஒற்றைப் புரி வார்ம் ஒரு சுற்று சுற்றினால் வீல் ஒரு பல் நகரும். மோட்டார் நிமிஷத்துக்கு 1440 சுற்று என்றால், 40 பல் வீல் அதை 36 ஆக இறக்கிவிடும்.

2. வார்முக்கு ஸ்டீல், வீலுக்கு கன்மெட்டல். இரண்டும் இரும்பானால் உரசிச் சூடேறி ஒன்றையொன்று கடிக்கும். லேசான வேலைக்குப் பித்தளையே போதும். பருத்திக் கொட்டை நீக்குகிற பழைய மர ராட்டில் இரண்டு உருளைகளும் எதிரெதிராகச் சுற்ற முனையில் மரப்புரிகள் கடித்து நிற்குமே, அதுவும் வார்ம்தான். தச்சர் உளியால் செதுக்கியது.

3. வீல் பல் வெட்டுகிற ஹாப் கட்டர் வாங்கக் காசில்லையா, 1.5 பிட்ச் எம்10 டேப் எடு. ஒரு முனையைச் சக்கில் பிடி, மறுமுனைக்கு டெட் சென்டர் கொடு. டூல் போஸ்டில் செங்குத்தாக ஒரு பின் நிறுத்தி, பிளாங்க்கை அதில் தாராளமாகச் சுற்றும்படி மாட்டு. அதன் நடுமட்டம் சென்டர் உயரத்தில் இருக்கட்டும். கிராஸ் ஸ்லைடால் மெல்ல உள்ளே தள்ளினால் டேப்பே வீலைச் சுழற்றி வெட்டும்.

4. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். 40 பல்லுக்குப் பிட்ச் விட்டம் 19.1 மி.மீ. வெளிவிட்டம் அதைவிட 1 மி.மீ. கூட. டேப் முதலில் தொடுவது வெளிவிட்டத்தை. அந்தச் சுற்றளவில் 42 பல் கொள்ளும். டேப்புக்கு எண்ணத் தெரியாது. பெட்டி ஒட்டுகிற மிஷினுக்கு ஒன்று வெட்டிக் கொடுத்து, அவர்கள் திருப்பி அனுப்பிய பிறகு உட்கார்ந்து எண்ணினேன். 42. ஒவ்வொரு பல்லும் எலி கொறித்தது மாதிரி மெலிந்திருந்தது. கூலியும் போச்சு, கன்மெட்டலும் போச்சு.

ஆகவே முதலில் 40 வெட்டு போடு, பல் ஆழத்தில் பாதிக்கு. எண்ணிக்கைக்கு இன்டெக்ஸ் தலை வேண்டாம். லேத்தோடு வந்த 40 பல் சேஞ்ச் கியரை பிளாங்க் மாட்டிய தண்டிலேயே மாட்டி, பல்லுக்குப் பல் தடுப்புக் கொடுத்துத் திருப்பு. வெட்டு 3 டிகிரி சாய்ந்திருக்கட்டும், புரியின் சாய்வு அவ்வளவு. பிறகு டேப் தடம் மாறாது.

5. மாட்யூல் 1 வார்ம் கேட்டால் பயப்படாதே. லீட் ஸ்குரூ இன்ச்சுக்கு 4 புரியுள்ள பழைய லேத்தில் ஓட்டுகிற கியர் 40, 55. ஓடுகிற கியர் 35, 127. பிட்ச் பை மி.மீ. வேண்டும், இதில் வருவது பள்ளிக்கூடத்தில் பைக்குப் படித்த அதே 22/7தான். சுற்றுக்கு 1 மைக்ரான் சொச்சம் பிசகும், யாருக்கும் தெரியாது.

6. மூடி போடாமல் கொடுக்காதே. ஆடிக் காற்றில் கரிசல் புழுதி கிரீஸில் ஏறினால் அரைக்கிற சாந்துதான்.

7. ஓடுகிற வார்மைப் பனியன் வேஸ்டால் துடைக்காதே. நூல் ஒன்று சிக்கினால் கையையும் இழுத்துக்கொண்டு போகும். என் இடது சுண்டுவிரல் நகம் கோணலாக இருப்பதைப் பார்த்திருப்பாய்.