கடையில் காணாத கீபோர்டு

அரேஞ்சர் கீபோர்டில் இடக்கை சில சுரங்களைச் சேர்த்து அழுத்தினால் போதும். தாளமும் பக்கவாத்தியமும் தாமே தொடரும். சங்கத்திற்கு ஒன்று வாங்க விழையும் நண்பர்கள், உள்ளூர்க் கடையில் கிடக்கும் ஓரிரண்டைக் கண்டதுமே பணத்தை எண்ணி வைத்துவிட வேண்டா. தயாரிப்பாளர் இணையத்தில் தரும் கையேட்டை முதலில் படியுங்கள். 61 விசைகள் போதும். ஆனால் அழுத்தத்திற்கேற்ப ஒலி ஏறி இறங்க வேண்டும். சுருதியை வளைக்கும் சக்கரம் இல்லையேல் கமகம் ஏது? நூற்றுக்கணக்கான ஒலிகள் என்னும் விளம்பரம் அதற்கு ஈடாகாது. யமஹா பி.எஸ்.ஆர்.-ஐ500 போன்ற இந்திய மாதிரிகளில் தபலா, தம்புரா ஒலிகள் உண்டு. நமக்கு வேண்டிய 7 எண்ணிக்கை மிச்ரசாப்பு உண்டா என்று தாளப் பட்டியலில் தேடுங்கள். ஜப்பானிலிருந்து வருவிப்போர் மின்சாரத்தையும் கவனிக்க வேண்டும்: அங்கே 100 வோல்ட், இங்கே 230. பழைய கருவியாயின் ஒவ்வொரு விசையையும் மெல்லவும் வன்மையாகவும் தட்டிக் கேளுங்கள். பொங்கல் விழா மேடையில் ஒரு விசை ஊமையானால், பாடுகிறவர் பாடு பெரும்பாடு!