மலிவுப் பெயரும் உயர்விலைக் கிட்டாரும்: ஒரு வணிகப் பாடம்

ஓர் இசைக்கருவிக் கடையில் இரண்டு கிட்டார்கள் அருகருகே தொங்குவதாக எண்ணிக்கொள்வோம். இரண்டின் தலைப்பகுதியிலும் ஒரே நிறுவனத்தின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. ஒன்றின் விலை ஆறாயிரம் ரூபாய்; மாணவர்கள் முதன்முதலாக வாங்கும் கருவி அது. மற்றொன்றின் விலை ஒன்றரை லட்சம் ரூபாய். தேர்ந்த கைவினைஞர் பல வாரங்கள் உழைத்துச் செய்தது. முதற்கருவியை வாங்க வருபவர் அந்தப் பெயரைக் கண்டு நிறைவு கொள்கிறார். இரண்டாவதை வாங்க வருபவரோ அதே பெயரைக் கண்டு தயங்குகிறார்.

ஒரே பெயர் ஓரிடத்தில் வலிமையாகவும் மற்றோரிடத்தில் சுமையாகவும் அமைவது ஏன்? மலிவு விலைக்குப் பெயர்பெற்ற நிறுவனம் உயர்விலைக் கைவினைக் கருவிகளை விற்று வெற்றிகாண இயலுமா? தொழிலை அடுத்த படிக்கு உயர்த்த எண்ணும் சிறு உற்பத்தியாளர் எவரும் ஒருநாள் சந்திக்க வேண்டிய வினா இது. அந்த உயர்வுக்காகக் கடன் பெற விரும்புவோர் விண்ணப்பத்தில் கையொப்பமிடும் முன்பே இதற்கு விடை காண்பது நல்லது.

வாங்குபவர் எதற்கு விலை கொடுக்கிறார்?

மலிவான கிட்டாரின் மேற்பலகை பெரும்பாலும் மெல்லிய அடுக்குகளை ஒட்டிச் செய்த ஒட்டுப்பலகை. உயர்வகைக் கருவியிலோ ஸ்ப்ரூஸ் போன்ற மரத்தின் முழுப்பலகை பயன்படுத்தப்படுகிறது. கைவினைஞர் அதைத் தட்டிக் கேட்டும் வளைத்துப் பார்த்தும் அதன் கனத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கிறார். மரம் நன்கு உலர்ந்து பதப்படக் காலம் வேண்டும்.

ஆயினும் உழைப்புக்கும் மரத்துக்கும் மட்டுமே எவரும் விலை கொடுப்பதில்லை. 1833இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனத்தின் கிட்டாரை வாங்குபவர், பின்னாளில் விற்க நேர்ந்தாலும் அதற்கு மதிப்பு இருக்கும் என்று நம்புகிறார். 1969ஆம் ஆண்டு வாக்கில் அந்நிறுவனம் பிரேசில் நாட்டு மரத்துக்குப் பதிலாக நம் நாட்டின் ஈட்டி மரத்துக்கு மாறியது. மரம் மாறியும் அதன் மதிப்பு நிலைத்தது. இன்றும் அதன் புகழ்பெற்ற டி-28 வகையின் பின்புறமும் பக்கங்களும் ஈட்டி மரத்தாலானவை.

இதற்கு மாறாக, கணினி வழி இயங்கும் வெட்டுப்பொறிகளின் வரவால் மலிவுக் கருவிகளின் தரம் பெரிதும் உயர்ந்துவிட்டது. தரத்தில் இருந்த இடைவெளி குறைந்த அளவுக்குப் பெயரில் இருந்த இடைவெளி குறையவில்லை. மலிவு நிறுவனம் கடக்க வேண்டிய பள்ளம் அதுவே.

மூன்று நிறுவனங்கள், மூன்று பாதைகள்

முதலாவது, ஜப்பானின் இபனெஸ். நகோயா நகரின் ஹொஷினோ நிறுவனம் 1929இல் ஸ்பெயின் நாட்டு சால்வடோர் இபனெஸ் கிட்டார்களை இறக்குமதி செய்யத் தொடங்கி, பின்னர் அப்பெயரையே தன் கருவிகளுக்குச் சூட்டிக்கொண்டது. 1970களில் புகழ்பெற்ற அமெரிக்க கிட்டார்களின் தோற்றத்தில் குறைந்த விலைக் கருவிகளை விற்றது. 1977இல் கிப்சன் நிறுவனத்தின் உரிமையாளர்கள் தலைப்பகுதியின் வடிவம் குறித்து வழக்குத் தொடுத்தனர். அது சமரசத்தில் முடிந்தது. நகல் செய்து வாழும் காலம் முடிந்துவந்ததை நிறுவனமும் உணர்ந்திருந்தது. அது சொந்த வடிவமைப்புகளுக்கு முதன்மை தந்தது. ஜாஸ் கலைஞர் ஜார்ஜ் பென்சனுடன் இணைந்து அவர் பெயரிலேயே ஒரு கருவியை உருவாக்கியது. 1987இல் ஸ்டீவ் வையுடன் சேர்ந்து ஜெம் வகையை வெளியிட்டது. நிறுவனத்தின் பெயரை ஐயுற்றவர்களும் அக்கலைஞர்களின் செவியை ஐயுறவில்லை. தன்னிடம் இல்லாத நம்பிக்கையை இபனெஸ் கலைஞர்களிடமிருந்து கடனாகப் பெற்றது. நல்ல கருவிகளைத் தந்து அக்கடனை அடைத்தது.

இரண்டாவது, யமஹா. 1966இல் தொடங்கிய அதன் எஃப்.ஜி. வரிசை, குறைந்த விலையில் நம்பத்தக்க கிட்டார் என்ற பெயரை உலகெங்கும் பெற்றது. 1970களில் அந்நிறுவனம் ஜப்பானில் கைவினைஞர்களைக் கொண்டு எல் வரிசையைத் தொடங்கியது. கார்லோஸ் சந்தானா சுட்டிய குறைகளைக் களைந்து, 1976இல் எஸ்.ஜி. 2000 என்னும் மின்கிட்டாரையும் வெளியிட்டது. அண்மை ஆண்டுகளில் எஃப்.ஜி. 9 என்ற கருவியைப் பல ஆயிரம் டாலர் விலையில் விற்கிறது. மாணவர் கருவிக்குரிய அதே இரண்டெழுத்துகள் இன்று உயர்விலைக் கருவியிலும் திகழ்கின்றன. அவ்வெழுத்துகள் அந்த உயரத்தை எட்ட அரை நூற்றாண்டு ஆயிற்று.

மூன்றாவது, எபிஃபோன். நியூயார்க்கில் உயர்ந்த கருவிகளைச் செய்து புகழ்பெற்றிருந்த இந்நிறுவனத்தை 1957இல் கிப்சனின் உரிமையாளர்கள் வாங்கினர். 1960களில் பீட்டில்ஸ் குழுவினரும் அதன் காசினோ வகையை வாசித்தனர். 1970 வாக்கில் உற்பத்தி ஜப்பானுக்கும், பின்னர் கொரியாவுக்கும் சீனாவுக்கும் பெயர்ந்தது. காலப்போக்கில் அப்பெயர் கிப்சன் வாங்க இயலாதோரின் தேர்வாகவே அறியப்பட்டது. 2020இல் அமெரிக்காவில் செய்த டெக்ஸன், காசினோ வகைகளை எபிஃபோன் மீண்டும் கொண்டுவந்தபோது, ஏறத்தாழ அதே விலைக்கு ஒரு கிப்சனையே வாங்கிவிடலாமே என்ற கேள்வி வாங்குவோர் உள்ளத்தில் எழுவது இயல்பு. ஒரு பெயர் கீழிறங்கச் சில ஆண்டுகள் போதும்; மீண்டும் ஏறப் பல ஆண்டுகள் வேண்டும்.

இச்சிக்கலைத் தவிர்க்கவே சிலர் தனிப்பெயரை நாடுகின்றனர். ஃபெண்டர் நிறுவனம் 1982இல் மலிவுக் கருவிகளுக்கு ஸ்குவையர் என்ற வேறு பெயரைச் சூட்டியது. கார் உலகில் டொயோட்டா 1989இல் உயர்விலைக் கார்களுக்கு லெக்சஸ் என்ற புதுப்பெயரைத் தேர்ந்தது. புதுப்பெயருக்குப் பழைய சுமை இல்லை; ஆயினும் அதை மக்கள் நெஞ்சில் பதியவைக்கும் விளம்பரச் செலவும் விற்பனைக்கூடச் செலவும் பெரிது. சிறு தொழில்முனைவோர்க்கு அது எளிதில் எட்டுவதன்று.

கணக்கு சொல்லும் உண்மை

இப்போது ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு நிறுவனம் 5,000 ரூபாய் அடக்கவிலையுள்ள கிட்டாரை 6,000 ரூபாய்க்கு விற்கிறது. ஆண்டுக்கு 1,000 விற்றால் ஆதாயம் 10 லட்சம் ரூபாய். அது இப்போது 90,000 ரூபாய் அடக்கத்தில் 20 கைவினைக் கிட்டார்களைச் செய்து, ஒவ்வொன்றையும் 1,50,000 ரூபாய்க்கு விற்க முனைகிறது. எல்லாம் விற்றால் ஆதாயம் 12 லட்சம். ஆயிரம் கிட்டார் தராத ஆதாயத்தை இருபதே தருவதாகத் தோன்றும்.

ஆனால் முதலாண்டில் 8 மட்டுமே விற்றன என்று கொள்வோம். விற்றவற்றில் 4,80,000 ரூபாய் ஆதாயம் என்று ஏடு காட்டும். கையிருப்பின் நிலையோ வேறு. செலவிட்டது 18 லட்சம். வந்தது 12 லட்சம். குறைவு 6 லட்சம். அந்த 18 லட்சத்தையும் 12 விழுக்காடு வட்டிக்கு ஓராண்டுக்குக் கடன் பெற்றிருந்தால் வட்டி 2,16,000 ரூபாய். ஆகப் பற்றாக்குறை 8,16,000 ரூபாய். எஞ்சிய 12 கிட்டார்கள் கடைச் சுவரில் தொங்குகின்றன. தவணை நாளோ காத்திருப்பதில்லை.

இந்தப் பற்றாக்குறையை ஈடுசெய்வது எது? மலிவுக் கிட்டார் தந்த 10 லட்சம் ரூபாய்தான். அந்த வருவாய் சீராக வரும்வரை உயர்விலைக் கருவி பொறுமையாகத் தன் வாடிக்கையாளருக்காகக் காத்திருக்கலாம். அது தடைபட்டால், எஞ்சிய கருவிகளை இலட்ச ரூபாய்க்குத் தள்ளிவிடும் நெருக்கடி நேரும். அன்றே முழுவிலை கொடுத்த எட்டுப் பேரின் நம்பிக்கையும் சரியும். கையிருப்பை மீட்கப் போய் நற்பெயரை இழப்பதாக அது முடியும்.

நாம் கொள்ளத்தக்க பாடம்

எனவே தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை, ‘இயலும், ஆனால் விரைவில் இயலாது’ என்பதே. யமஹாவும் இபனெஸும் உயர்விலைக்கு ஏறியபின்னும் தம் மலிவுக் கருவிகளைக் கைவிடவில்லை. மலிவுக் கருவி தந்த வருவாயும், அதை நேர்மையாகச் செய்ததால் கிடைத்த நன்மதிப்பும் உயர்விலைக் கருவிக்கு வேண்டிய காலத்தை வாங்கித் தந்தன.

தொழிலை இவ்வாறு உயர்த்த எண்ணுவோர் நான்கு வினாக்களைத் தமக்குள் கேட்டுக்கொள்ளலாம். நம் தரத்துக்குச் சான்று கூற, வாங்குவோர் மதிக்கும் எவரேனும் உளரா? பழுது நேர்ந்தால் பல ஆண்டுகளுக்குப் பின்னும் பொறுப்பேற்க நம்மால் முடியுமா? எதிர்பார்த்ததில் பாதி விற்றாலும் தவணையைத் தவறாமல் செலுத்த இயலுமா? இன்றைய வருவாய் தரும் எளிய பொருளின் தரம், புதிய முயற்சியால் குறையாது இருக்குமா? நான்காவது வினாவே பெரிதும் மறக்கப்படுவது. தேர்ந்த தொழிலாளரைப் புதிய பிரிவுக்கு மாற்றும்போது பழைய பொருள் கவனிப்பாரற்றுப் போகிறது.

வங்கி தரும் கடனால் மரம் வாங்கலாம், பட்டறை அமைக்கலாம், கைவினைஞருக்கு ஊதியம் தரலாம். பெயருக்குரிய நம்பிக்கையை எந்தக் கடனாலும் வாங்க இயலாது. ஆறாயிரம் ரூபாய்க் கிட்டாரை வாங்கிச் செல்லும் மாணவர் பின்னாளில் ஒன்றரை லட்ச ரூபாய்க் கருவியைத் தேடி வரக்கூடியவர். அவர் மீண்டும் நம் வாயிலுக்கு வருவதும் வராததும், இன்று அவர் கையில் நாம் கொடுக்கும் எளிய கருவியைப் பொறுத்தது.