எம்.ஜி.ஏ.வின் பின் அச்சு: 4.3-லேயே விடுவதா, 3.9-க்குப் போவதா?

எம்.ஜி.ஏ. வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பத்து நிமிடத்துக்குள் ஒரு புலம்பல் வந்துவிடும். நெடுஞ்சாலையில் 110-ஐத் தொட்டதும் எஞ்சின் கத்துகிறது, இல்லாத ஐந்தாவது கியரைத் தேடிக் கை தானாகப் போகிறது என்பார்கள். காரைக் குறை சொல்ல முடியாது. 1955-ல் இங்கிலாந்தின் ஆபிங்டனில் அது தயாராகத் தொடங்கியபோது அந்த நாட்டில் மோட்டார்வே என்று ஒன்றே கிடையாது. வேலியோரக் கிராமச் சாலைகளில் வளைந்து, குறைந்து, மறுபடி சீறிப் போவதற்காகப் பற்களைத் தேர்ந்தெடுத்த கார் அது.

புலம்பலுக்கு வழக்கமாகக் கிடைக்கும் மருந்து, பின் அச்சின் கிரவுன்-பினியனை மாற்று என்பது. பல சமயம் அது சரியான மருந்துதான். ஆனால் எந்த எஞ்சின், எந்தச் சாலை என்று கேட்காமல் யாராவது சொன்னால் கொஞ்சம் பொறுங்கள்.

எம்.ஜி.ஏ. 1500, 1600 இரண்டிலும் கிரவுனில் 43 பல், பினியனில் 10. சக்கரம் ஒரு சுற்று வர புரொப்பல்லர் ஷாஃப்ட் 4.3 சுற்று சுற்ற வேண்டும். 1961-ல் வந்த 1600 மார்க் II-வில் 41-க்கு 10, அதாவது 4.1. அதற்கடுத்த எம்.ஜி.பி.யில் 43-க்கு 11, ஏறக்குறைய 3.9. எண் சிறுக்கச் சிறுக்க எஞ்சின் நீளமாக எட்டு வைக்கிறது. குறைந்த சுற்றில் அதிக தூரம் போகும், ஆனால் ஒவ்வொரு எட்டும் கனக்கும்.

165 அளவு, 15 அங்குல ரேடியல் டயரோடு கணக்குப் போட்டால், டாப் கியரில் ஆயிரம் சுற்றுக்கு 4.3 தருவது சுமார் 27.5 கி.மீ. வேகம், 4.1 தருவது 28.8, 3.9 தருவது 30. பிரிட்டனின் மோட்டார்வே வரம்பான 112 கி.மீ.யில் எஞ்சின் முறையே 4,100, 3,900, 3,700 சுற்றுகளில் ஓடும். மொத்த ஆதாயம் 400 சுற்று. இந்தக் கணக்கைப் பார்த்ததும் பாதிப் பேருக்கு ஆசை வடிந்துவிடும். வடியட்டும். திறந்த காரில் அந்த வேகத்தில் காதை அடைப்பதில் பெரும்பங்கு காற்றினுடையது. அதை எந்தக் கிரவுனும் அடக்காது.

தொழிற்சாலை 4.3-ஐக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவில்லை என்பதும் இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. 1489 சி.சி. எஞ்சின் (நம் அம்பாசிடரில் பல காலம் ஓடிய பி-சீரிஸ் குடும்பம்தான், இங்கே இரட்டை கார்புரேட்டரோடு) தன் முழுச் சக்தியான 72 குதிரைத்திறனை 5,500 சுற்றில் தருகிறது. காரின் உச்ச வேகம் 155 கி.மீ. சுமாருக்கு. அந்த வேகத்தில் 4.3 அச்சோடு எஞ்சின் கிட்டத்தட்ட அதே 5,500-ஐ ஒட்டியே நிற்கும். அதே எஞ்சினுக்கு 3.9 போட்டால் உச்ச வேகம் கூடாது. எதிர்காற்றிலும் மேட்டிலும் குறையவே வாய்ப்பு. 4.1-ஐ ஆபிங்டன் எப்போது கொடுத்தது என்று பாருங்கள். எஞ்சினை 1622 சி.சி. ஆக்கி 90 குதிரைத்திறனைத் தாண்டிய பிறகுதான் கொடுத்தது. 3.9 வந்தது 1798 சி.சி.யோடு. இதைவிடத் தெளிவாக ஒரு தொழிற்சாலை பேச முடியாது.

ஆகவே எம்.ஜி.பி.யின் 1800 எஞ்சினை ஏற்றியவர்கள் யோசிக்கவே வேண்டாம், 3.9 அவர்களுக்கானது. மார்க் II வைத்திருப்பவர்களும், சிலிண்டரைப் பெருக்கித் துடிப்பாக்கியவர்களும் தைரியமாக அதற்குப் போகலாம். மிச்சம் இருப்பவர்கள், அசல் 1500 அல்லது 1600 எஞ்சினோடு ஓட்டுபவர்கள். அவர்களுக்குத்தான் இது உண்மையான கேள்வி.

சமவெளியில், ஒருவரோ இருவரோ, அதிகம் மூட்டை இல்லாமல் நீண்ட தூரம் ஓட்டுபவருக்கு அசல் எஞ்சினோடும் 3.9 ஒத்துவரும். மலைப் பக்கம் இருப்பவருக்கு நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு கியரிலும் சக்கரத்தைத் தள்ளும் விசை ஒன்பது சதவீதம் குறைகிறது. அது பெரிய விஷயமல்ல என்று தோன்றும், எம்.ஜி.ஏ.வின் கியர்பாக்ஸை நினைத்துப் பார்க்கும் வரை. முதல் கியர் 3.64, இரண்டாவது 2.21, நடுவில் ஒரு பள்ளம். போதாததற்கு முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. மலை வளைவில் இரண்டாவது கியர் திணறும்போது, ஓட்டத்திலேயே முதலுக்கு இறங்க இரட்டைக் கிளட்ச் போட்டுச் சுற்றைப் பொருத்த வேண்டும். 4.3-ல் இரண்டாவதிலேயே ஏறிவிடும் மேடு, 3.9-ல் அந்த வித்தையைக் கேட்கத் தொடங்கும். மேட்டில் நிறுத்திக் கிளப்பும்போது கிளட்ச் கூடுதலாகத் தேய்வது தனிச் செலவு. இறக்கத்தில் எஞ்சின் பிடிப்பும் சற்றுக் குறையும்.

4.1 நடுவழியாகத் தெரியும். எனக்கு அதில் ருசி இல்லை. ஐந்து சதவீதம்கூட முழுதாக மாறாத ஒன்றுக்காக அச்சைப் பிரிப்பதா? முதலில் டயரைப் பாருங்கள். யாரோ முன்பு 155 டயர் மாட்டியிருந்தால் சக்கரம் இரண்டரை சதவீதம் சிறுத்திருக்கும். 165-க்குத் திரும்பினாலே 4.1 தருவதில் பாதி, டயர் விலைக்கு வந்துவிடும். ஏற்கெனவே அச்சு கெட்டு, எப்படியும் கிரவுன்-பினியன் வாங்கியாக வேண்டும், கையில் நல்ல 4.1 ஜோடி கிடைக்கிறது என்றால் மட்டும் போடலாம்.

மலையும் வேண்டும், மோட்டார்வேயும் வேண்டும் என்பவருக்கு விடை அச்சில் இல்லை, கியர்பாக்ஸில் இருக்கிறது. ஃபோர்டு சியராவில் வந்த டைப் 9 ஐந்து கியர் பெட்டியை எம்.ஜி.ஏ.வில் பொருத்துவது இன்று சகஜம். அதன் முதல் கியர் 3.65, மூன்றாவது 1.37. எம்.ஜி.ஏ.வின் எண்களோடு கிட்டத்தட்ட ஒட்டிப்போகின்றன. ஐந்தாவது 0.82. அச்சை 4.3-லேயே விட்டால் ஏற்றத்துக்கான பலம் அப்படியே இருக்கும். ஐந்தாவதில் 112 கி.மீ.க்கு 3,350 சுற்றுதான். முதல் கியருக்கு சிங்க்ரோவும் வந்துவிடும். செலவு அச்சு மாற்றத்தைவிடப் பல மடங்கு, காரின் அசல்தன்மையும் கொஞ்சம் போகும். இரண்டையும் சேர்த்துச் செய்ய, அதாவது 3.9 அச்சும் ஐந்து கியரும் போட ஆசைப்படாதீர்கள். 1500 எஞ்சினுக்கு அந்த ஐந்தாவது கியர் இறக்கத்தில்தான் பயன்படும்.

3.9 என்று முடிவு செய்தவர்களுக்குச் சில குறிப்புகள். எம்.ஜி.ஏ.வின் அச்சு பான்ஜோ வகை. ஆக்சில் ஷாஃப்டுகளை வெளியே இழுத்து, புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றினால், டிஃபரன்ஷியல் முழு உருப்படியாக முன்பக்கம் வந்துவிடும். அதன் இடத்தில் எம்.ஜி.பி.யின் 3.9 உருப்படியை ஏற்றலாம், ஆனால் எல்லா எம்.ஜி.பி.யும் இதற்கு உதவாது. 1967 வரையிலான திறந்த ரோட்ஸ்டரில்தான் அந்த வகை இருந்தது, ஜி.டி.யில் தொடக்கம் முதலே குழாய் அச்சு, அது இதற்குள் போகாது. ஷாஃப்ட் நுனியின் ஸ்ப்ளைன் பற்களையும் எண்ணிவிட்டு வாங்குங்கள். பொருந்தாவிட்டால் உள்ளிருக்கும் பக்கப் பற்சக்கரங்களை உங்கள் பழையதிலிருந்து மாற்ற நேரும். அந்த வேலை வந்தால் பிடிப்பும் இடைவெளியும் வைக்கத் தெரிந்தவர் கையில் கொடுங்கள். ஒரு காரின் கிரவுனும் இன்னொன்றின் பினியனும் ஒருநாளும் சேராது. ஜோடியாகத் தேய்ந்தவை, பிரித்தால் ஊளையிடும்.

உங்கள் காரில் இப்போது என்ன அச்சு இருக்கிறது என்று முன் உரிமையாளர் சொன்னதை நம்ப வேண்டாம். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் போட்டு, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். மறு சக்கரம் தரையில் நிற்க, தூக்கியதை 20 முறை சுற்றிக்கொண்டே புரொப்பல்லர் ஷாஃப்டின் சுற்றை எண்ணுங்கள். 43, 41, 39 என்று மூன்றில் ஒன்று வந்து நிற்கும்.

மாற்றி முடித்ததும் ஸ்பீடோமீட்டரைத் திருத்தக் கொடுங்கள். அது கியர்பாக்ஸிலிருந்து ஓடுவதால் அச்சு மாறியது அதற்குத் தெரியாது. திரும்பி வரும்வரை முள் 100 காட்டினால் கார் 110-ல் போகிறது.