கமராவா, லென்ஸா: காசை எதில போடுறது?

ஹரோவில மச்சாளின்ட மகளுக்கு அரங்கேற்றம். என்னட்ட இருந்தது சின்ன சென்சார் டிஎஸ்எல்ஆரும், அதோட வந்த 18-55 லென்ஸும். ஆடுற கையெல்லாம் கலங்கிப் போச்சு. அந்த நாள் இனி வராது.

உடனே ஃபுல் ஃப்ரேம் வாங்கத்தான் நினைச்சன். பிறகு கணக்குப் பார்த்தன். கெனனில் 36×24 மி.மீ. சென்சாரின் பரப்பு சின்னதைவிட இரண்டரை மடங்குதான். ஆனால் எஃப்/5.6 இலிருந்து எஃப்/1.8 க்குப் போனால் வெளிச்சம் கிட்டத்தட்டப் பத்து மடங்கு!

ஈஎஃப் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் பிறகு வாங்கும் ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆரிலும் பொருந்தும். ஈஎஃப்-எஸ் 18-55 பொருந்தாது.

ஒரு கவனம்: 1.8 இல் ஃபோகஸ் ஆழம் மிகக் குறைவு, கண்ணில ஃபோகஸ் வையுங்கோ. முதலில் லென்ஸை மாத்துங்கோ. போதாட்டி மட்டும் கமரா.