நம்பிக்கைகளும் உண்மைகளும்: குரங்குக்கா, சாமிக்கா?

திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்கு எதிரே செங்கம் சாலையோரம் தள்ளுவண்டியில் பழம் விற்கும் அம்மா ஒருவர், வாழைப்பழம் கேட்டால் முதலில் இதைத்தான் கேட்பார்: “குரங்குக்கா, சாமிக்கா?” சாமிக்கு என்றால் பச்சை மாறாத சீப்பு. குரங்குக்கு என்றால் தோல் கறுத்தது, விலையும் சல்லிசு. வண்டிக்கு அடியில் ஒரு உண்டிகோலும் வைத்திருக்கிறார். மதிலிலிருந்து குரங்கு இறங்கினால் கை தானாக அதைத் தேடிப் போகும். குரங்குக்கென்று பழம் விற்பதும் குரங்கை விரட்டுவதும் ஒரே கைதான். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, வாங்குகிறவர்கள் நாம்.

ஆசிரமத்தின் பின்புறமிருந்து கந்தாசிரமத்துக்கு ஏறும் கல்பாதையில், தினமும் காலையில் நடக்கிறவர்களிடம் கேட்ட நம்பிக்கைகள் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். சொன்னவர்கள் எல்லோரும் நல்லவர்கள். சிக்கலே அங்கேதான்.

“பகவானே குரங்குக்குக் கொடுத்தவர். நாங்கள் கொடுத்தால் தப்பா?”

பகவான் ரமணர் கொடுத்தார், மறுக்க முடியாது. அணிலுக்கு முந்திரிப்பருப்பு, மயிலுக்குத் தானியம், குரங்குக்குப் பழம். விலங்குகளை ‘அது’ என்று சொல்லாமல் அவன், அவள், பசங்கள் என்றே பேசியவர். பசு லட்சுமி, மான் வள்ளி, நாய் ஜாக்கி, பெயரில்லாத ஒரு காகம் என நான்கின் சமாதிகளும் ஆசிரம வளாகத்திலேயே இருக்கின்றன.

ஆனால் அவருடைய வாழ்க்கை வரலாற்றை இன்னும் கொஞ்சம் படிக்க வேண்டும். விருபாட்சி குகையில் இருந்த நாட்களில், கூட்டத்தலைவன் கடித்துப்போட்ட குட்டிக் குரங்கு ஒன்று நொண்டிக்கொண்டே அவரிடம் வந்தது. அதைத் தேற்றி வளர்த்தார். ‘நொண்டி’ என்றே பெயர். பின்னாளில் அதுவே கூட்டத்துக்குத் தலைவன் ஆனது. இந்தக் கதையைச் சொல்லாத வழிகாட்டி இந்த ஊரில் இல்லை. அவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. மனிதன் கைப்பட வளர்ந்த குரங்கைக் கூட்டம் பொதுவாகச் சேர்த்துக்கொள்ளாது, தன் விஷயத்தில் மட்டும் அவை விதிவிலக்கு அளித்தன என்று ரமணரே கருதியதை, அவர் வரலாற்றை எழுதிய ஆர்தர் ஆஸ்போர்ன் பதிவு செய்திருக்கிறார். விதிவிலக்கு என்று அவருக்கே தெரிந்திருந்ததை நாம் விதியாக்கிக்கொண்டோம்.

அவர் 1896-இல் இந்த ஊருக்கு வந்தவர். 1916 வரை பெரும்பாலும் விருபாட்சி குகை, 1922 வரை கந்தாசிரமம், பிறகு 1950 வரை மலையடிவாரம். ஒவ்வொரு குரங்கையும் முகம் பார்த்து அடையாளம் சொல்லக்கூடிய ஒரு மனிதர், அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே மலையில் வாழ்ந்தார். பௌர்ணமிக்குப் பேருந்தில் இறங்கி, மலையைப் பதினான்கு கிலோமீட்டர் சுற்றிவிட்டு, இரவோடு இரவாக ஊர் திரும்பும் லட்சக்கணக்கானவர்களில் ஒருவராக நான் எறியும் பழத்தை அதோடு ஒப்பிட முடியாது. குகையில் பாம்பு வந்தபோது அடிக்கப் போனவர்களை அவர் தடுத்ததும் பதிவில் இருக்கிறது. இது அவற்றின் இடம், வந்தவர்கள் நாம் என்பதே அவர் சொன்னதன் சாரம்.

“கையை நீட்டிக் கேட்கிறதே, பசிதானே?”

பந்திப்பூரில் நம் நாட்டுக் குரங்குகளையே கவனித்து பெங்களூரு ஆய்வாளர்கள் 2018-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அங்குள்ள குரங்குகள் சுற்றுலாப் பயணியின் முகத்தைப் பார்த்து ஒருவிதமாகக் கூவுகின்றன, கையை நீட்டுகின்றன, அவர் கவனிக்கிறாரா என்று பார்த்துக்கொள்கின்றன. கிடைத்துவிட்டால் நிறுத்திவிடுகின்றன. அதாவது மனிதனிடம் பேச அவை ஒரு மொழியே உண்டாக்கிக்கொண்டிருக்கின்றன. அறிவு என்று பார்த்தால் வியப்புதான். ஆனால் அது பழகிய தொழில், அதை வைத்து வயிற்றின் நிலையைச் சொல்ல முடியாது.

இன்னொன்று, இவற்றின் கன்னத்தில் பை உண்டு. ஏறக்குறைய வயிறு கொள்ளும் அளவு அதுவும் கொள்ளும். போட்டியாளர் வருவதற்குள் அள்ளி அடைத்துக்கொண்டு, பிறகு ஓரமாக உட்கார்ந்து மெல்ல மெல்லும். அதனால்தான் ஒரு பழம் கொடுத்தவரிடம் முழுப் பையையும் பிடுங்குகிறது. அதற்குப் பேராசை என்று பெயர் வைப்பது நம் வழக்கம்.

“குரங்குக்கு வாழைப்பழம்தானே இயற்கை உணவு?”

படக்கதைகளில்தான். நாம் உண்ணும் வாழை, தலைமுறை தலைமுறையாகச் சர்க்கரைக்காகத் தேர்ந்தெடுத்து வளர்த்த பயிர். காட்டுப் பழத்தில் நார் அதிகம், இனிப்பு குறைவு. இங்கிலாந்தின் பெய்ன்டன் விலங்குக் காட்சிசாலை 2014-இல் தன் குரங்குகளுக்கு வாழைப்பழத்தையே நிறுத்தியது. பல் கெடுகிறது, உடல் பருக்கிறது, சர்க்கரை நோய் வரக்கூடும் என்பது அங்குள்ளவர்கள் சொன்ன காரணம். பழத்துக்கே இந்த நிலை என்றால், நம் பாதையில் கிடைக்கும் கிரீம் பிஸ்கட், முறுக்கு, குளிர்பானம் பற்றிச் சொல்ல வேண்டாம்.

பழத்தைவிடப் பெரிய சேதம் கொடுக்கும் முறையில் இருக்கிறது. அத்திமரம் ஒன்றில் கூட்டமே பரவி உட்கார்ந்து தின்னலாம். தரையில் ஒரே இடத்தில் கொட்டினால் பலசாலி ஆண் எடுத்துக்கொள்ளும். குட்டி சுமந்த தாய் நெருங்கினால் கடிவாங்கும். காது கிழிந்த, விரல் போன குரங்குகளைக் கல்படிகளில் பார்க்கும்போது, அதில் எத்தனை நம் புண்ணியக் கணக்கில் வரும் என்று யோசிப்பதுண்டு.

“மலையில் ஒன்றுமே இல்லை. நாம் கொடுக்காவிட்டால் செத்துப்போகும்.”

இதில் பாதி உண்மை இருந்த காலம் உண்டு. வெட்டும் தீயும் மேய்ச்சலும் சேர்ந்து அண்ணாமலையை மொட்டைப்பாறை ஆக்கி வைத்திருந்தன. 1980களின் இறுதியிலிருந்து தன்னார்வலர்களும் வனத்துறையும் நட்டுக் காத்த மரங்களால் தென்சரிவு இன்று பச்சையாக இருக்கிறது. கோடைத் தீ இன்னும் வருகிறது, வரும்போதெல்லாம் வயிறு எரிகிறது. ஆனாலும் ஆல், இச்சி, அத்தி, நாவல், வேம்பு, புளி எல்லாம் உண்டு. பழம் இல்லாத நாளில் இளந்தளிர், பூ, வெட்டுக்கிளி, சிலந்தி என்று எதையும் தின்று பிழைக்கும் இனம் இது.

போன ஐப்பசியில் அடைமழை விட்ட ஒரு காலை. பாதையில் ஆளே இல்லை. கந்தாசிரமத்துக்குக் கீழே ஒரு இச்சிமரம் காய்த்துக் குலுங்கியது, மொத்தக் கூட்டமும் அதன் மேல். என் தோளில் பை இருந்தது. ஒரு குரங்குகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு நிஜம். அதற்குத் தொட்டி கட்டித் தண்ணீர் விடுவது வனத்துறையின் வேலை. உதவ நினைப்பவர் அவர்களிடம் கேட்டுச் செய்யலாம். பிளாஸ்டிக் பாட்டிலைத் திறந்து குரங்கின் வாயில் ஊற்றிப் படமெடுப்பது அதில் சேராது.

“நிறைய இருக்கின்றன. பெருகிக்கொண்டே போகின்றன.”

கண்ணுக்கு நிறையத் தெரிகின்றன, சோறு இருக்கும் இடத்தில் கூடிவிடுவதால். தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இந்த நாட்டுக் குரங்கு, அழியும் அபாயமுள்ள இனங்களின் பன்னாட்டுப் பட்டியலில் இன்று இடம்பெற்றுவிட்டது. மைசூர் பகுதிச் சாலையோரக் கூட்டங்களை நீண்ட காலம் எண்ணிவந்த ஆய்வாளர் மேவா சிங் குழுவினர், எண்ணிக்கை மிகக் கடுமையாகச் சரிந்துவிட்டதாக 2011-இல் எழுதினார்கள். சாலையோர ஆலும் அத்தியும் வெட்டப்பட்டது ஒரு காரணம்.

அதே நேரம், ஓரிடத்தில் விடாமல் உணவு போட்டால் அங்கே பெருகும் என்பதும் மெய். ஜப்பானின் தகசாகியாமா மலையில், வயலை அழிக்கின்றன என்று 1950களின் தொடக்கத்தில் குரங்குகளுக்கு ஓரிடத்தில் தீனி வைக்க ஆரம்பித்தார்கள். சில நூறாக இருந்தவை பின்னர் ஆயிரக்கணக்கில் பெருகின. தீனியைக் குறைப்பதே பெரும்பாடாகிவிட்டது.

“சிரிக்கிறது பாருங்கள், படமெடுங்கள்!”

பல்லைக் காட்டினால் பயம். கண்ணை உறுத்து வாயைத் திறந்தால் மிரட்டல். இரண்டுமே சிரிப்பில்லை. நாம் குனிந்து கண்ணோடு கண் பார்த்துப் பல் தெரியச் சிரிப்பது அதன் மொழியில் என்னவாகப் போய்ச் சேரும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

“குரங்குக் கடிக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் போதும். வெறி நாய்க்குத்தான் வரும்.”

வெறிநோய் எந்தப் பாலூட்டிக்கும் வரலாம், குரங்குக்கும்தான். அறிகுறி தெரிந்த பின் பிழைப்பது அரிதினும் அரிது. கடியோ கீறலோ பட்டால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பலர் இரண்டு நிமிடத்தில் விட்டுவிடுகிறார்கள். பிறகு நேரே அரசு மருத்துவமனை. ஊசி இலவசம். ரத்தம் வந்த கடி என்றால் தடுப்பூசியோடு காயத்திலேயே போடும் இன்னொரு மருந்தும் தேவை. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்தப் பழைய மருந்து இந்தியாவில் 2005-க்குள் கைவிடப்பட்டுவிட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள்.

“மான் சாதுவாச்சே, அதுக்குச் சோறு வைத்தால் என்ன?”

மான் அசைபோடும் விலங்கு. புல்லுக்கும் இலைக்கும் பழகிய வயிற்றில் திடீரென்று ஒரு குவியல் சோறு போனால் புளித்து அமிலமாகி உயிரையே வாங்கலாம். அன்னதானம் முடிந்த மறுநாள் கிடக்கும் பிளாஸ்டிக் உறையில் உப்பும் எண்ணெயும் ஒட்டியிருக்கும். அதை நக்கி நக்கியே விழுங்கிவிடும். அந்த மிச்சத்துக்காகவே தெருநாய்கள் காட்டோரம் தங்கிவிடுகின்றன. பிறகு புள்ளிமானைத் துரத்துகின்றன. கடிபடாமல் தப்பிய மான்கூட ஓடிய அதிர்ச்சியிலேயே சாவதுண்டு.

“இதெல்லாம் நம் ஊரில் மட்டும்தான். வெளிநாட்டில் ஒழுங்காக இருப்பார்கள்.”

அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் மணல்தீவுகளில் குதிரைகள் காடோடித் திரிகின்றன. நம் கோடியக்கரை மட்டக்குதிரைகள், நெடுந்தீவுக் குதிரைகள் போல, வீட்டுக் குதிரைகளின் வாரிசுகள்தாம், எப்போதோ கட்டவிழ்ந்தவை. வடகரோலினாவின் கொரோலா கடற்கரையில் 2020-இல் ஒரு வயதுக் குட்டிக் குதிரை இறந்தது. யாரோ ஆசையாகக் கொடுத்த ஆப்பிள் தொண்டையில் அடைத்துக்கொண்டது. உப்புக்கடல் ஓரத்துக் கோரைப்புல்லைத் தின்று வளரும் குதிரைக்கு ஆப்பிள் பழக்கமே இல்லை. அதற்கு வடக்கே அசடீக் தீவில், முகாமிட்டவர்களின் உணவுப் பெட்டியைத் திறந்து தின்னக் கற்றுக்கொண்ட ஓர் ஆண் குதிரையை, முரடாகிவிட்டது என்று 2022-இல் தீவிலிருந்தே பிடித்து டெக்சாஸுக்குக் கொண்டுபோனார்கள். குதிரையைத் தடவவோ ஊட்டவோ கூடாது, விலகி நில் என்று அங்கே சட்டம் இருக்கிறது. இருந்தும் இப்படி.

“தொந்தரவு தாங்கவில்லை. பிடித்துத் தூரக் காட்டில் விட்டால் தீர்ந்தது.”

முதலில், இந்தக் குரங்கு 1972 காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்ட விலங்கு. வனத்துறை அனுமதி இல்லாமல் பிடிப்பது குற்றம். அனுமதியோடு பிடித்தாலும் கதை முடிவதில்லை. பெண் குரங்குகள் பிறந்த கூட்டத்திலேயே வாழ்நாள் முழுக்க இருப்பவை. தாயும் மகளும் அக்காளும் தங்கையுமாகக் கட்டிய குடும்பம் அது. கைக்குச் சிக்கியதைக் கூண்டிலேற்றினால் குட்டி ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம். விட்ட இடத்தில் ஏற்கெனவே வேறு கூட்டம் இருக்கும், அடி விழும். இவையோ மரத்தில் தேடுவதை மறந்து மனிதனைத் தேடப் பழகியவை. பக்கத்து ஊர்ச் சாலையில் இறங்கி அங்கேயும் கையை நீட்டும். இங்கே காலியான இடத்துக்கு, பழவண்டி அப்படியே நிற்பதால், வேறு குரங்குகள் வரும்.

போன வருடம் எங்கள் தெருவில் ஒரு கூண்டு வைத்தார்கள். உள்ளே என்ன கட்டித் தொங்கவிடுவது என்று யாரும் யோசிக்கவில்லை, ஒரு பையன் வண்டிக்கார அம்மாவிடம் ஓடினான். வழக்கம்போல அவர் கேட்டிருக்கிறார். பையன் சொன்னான், “குரங்குக்குத்தான்.” கறுத்த சீப்பாகவே கொடுத்தனுப்பினார். கூண்டுக்குள் முதலில் போனது, யார் கையிலிருந்தும் பயமில்லாமல் வாங்கித் தின்னும் ஒரு குட்டிக்காரி.