உப்பு ஏறிய சுவரும் ஆறு மாதச் சான்றிதழும்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய மூன்று படிப்புகளின் விவரத்தையும் பார்த்தேன். ஒன்று ஆறு மாத இணையவழிச் சான்றிதழ். இன்னொன்று டெல்லியில் பத்து நாள் பயிற்சி. மூன்றாவது வாரக் கடைசி வகுப்பு. மூன்றிலும் ‘மரபுக் கட்டடப் பாதுகாப்பு’ என்ற பெயர் இருக்கிறது, கட்டணம் மட்டும் ஏறி இறங்குகிறது. எதில் சேரலாம் என்று கேட்டிருக்கிறாய். சிவில் டிப்ளமோ முடித்துத் திருப்பணி ஒப்பந்தக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்த பையன்கள் சாதாரணமாக அடுத்த டெண்டர் எப்போது என்றுதான் கேட்பார்கள். நீ படிப்பைப் பற்றிக் கேட்டது சந்தோஷம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு மூன்றிலும் சேராதே. சிதம்பரத்தில் உன் பொறுப்பில் இருக்கிற அந்தப் பழைய சத்திரத்தை ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பார். எது உனக்குப் புரியவில்லை என்பது அதற்குள் தெரிந்துவிடும். அதைச் சொல்லித்தரும் இடத்தைத் தேடிப் போ. வேலையில் இருப்பவன் மேலே படிப்பதில் உள்ள வசதியே இதுதான், கல்லூரிப் பிள்ளைக்கு இது கிடையாது. பாடத்திட்டத்தை அவனுக்கு வேறு யாரோ போட்டுக் கொடுக்கிறார்கள், உனக்கு அந்தச் சுவரே போட்டுக் கொடுக்கும்.

நீ கிள்ளைக்காரன். பிச்சாவரத்துக் கால்வாய்களைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அங்குள்ள கண்டல் காடு மீண்ட கதையை உன் தொழிலோடு சேர்த்துப் பார்த்திருப்பாயா என்று தெரியவில்லை. வெள்ளைக்காரர் காலம் தொட்டு அந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். நிழல் போன மண் வெயிலில் காய்ந்து அமுங்கித் தொட்டி மாதிரி ஆனது. ஓதத்தில் உள்ளே வந்த கடல்நீர் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கி, ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போனது. அந்த உப்பில் கண்டல் கன்று எதுவும் பிழைக்கவில்லை. ஆடு மாடு மேய்ந்ததால், ஊர்க்காரர்கள் விறகு வெட்டியதால் காடு அழிந்தது என்றுதான் வெகுநாள் பேச்சு. 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடும் ஊர்மக்களோடும் சேர்ந்து மீன்முள் வடிவத்தில் வாய்க்கால்களை வெட்டியது. ஓதம் வந்து திரும்ப வழி கிடைத்தது, உப்பு கழுவிக்கொண்டு போனது, அதற்குப் பிறகு நட்ட கன்று நின்றது. வாய்க்கால் வெட்டாமல் எத்தனை லட்சம் கன்று நட்டிருந்தாலும் போட்டோவுக்குத்தான் ஆகியிருக்கும்.

உன் சத்திரத்துச் சுவரிலும் நடப்பது இதேதான். இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறியிருக்கிறது, பூச்சு உப்பிப் பொரிகிறது, செங்கல்லைத் தொட்டால் மாவாக உதிர்கிறது என்று எழுதியிருக்கிறாய். நிலத்து ஈரம் செங்கல்லின் நுண்துளை வழியே ஏறுகிறது, கூடவே உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. வெளியே வந்து ஈரம் ஆவியாக, உப்பு பூச்சுக்குள் படிகமாகத் தங்குகிறது. நம் கடற்கரையில் இன்னொரு தொல்லையும் உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தையே உறிஞ்சிக் கரைந்துவிடும். இறங்கினால் மறுபடி படிகமாகும். மழையே இல்லாத மாதத்திலும் ராத்திரி கரைந்து மத்தியானம் படிகமாகி, ஒவ்வொரு முறையும் செங்கல்லை உள்ளிருந்து நெம்பும். உன் மேஸ்திரி இதற்கு சிமென்ட் பூச்சு போடச் சொல்கிறார். போட்டால் ஒரு வருஷம் அழகாக இருக்கும். ஈரம் வெளியேற வழி அடைபட்டதால் ஓதக் கோடு இடுப்பிலிருந்து தோளுக்கு ஏறும். அதற்கு மேலும் சிமென்ட் பூசச் சொல்வார்கள்.

சுவரைச் சுற்றி என்ன இருக்கிறது என்று முதலில் பார். தெருவை ஏற்றி ஏற்றிப் போட்டதில் சத்திரத்துத் தரை பள்ளமாகிவிட்டதா, கூரைத் தண்ணீர் சுவரோரமே விழுகிறதா, பக்கத்தில் கழிவுநீர்க் குழாய் கசிகிறதா? தண்ணீருக்கு வழி பண்ணு. சிமென்ட்டைக் கொத்தி எடு. சுவர் காயட்டும். உப்பை இழுக்கக் காகிதக் கூழை நல்ல தண்ணீரில் குழைத்துப் பற்றுப் போடலாம். பற்று காய்ந்ததும் உரித்துக் கொஞ்சத்தைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, ஒரு சொட்டு நைட்ரிக் அமிலமும் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட்டும் விட்டால் தயிர் மாதிரி வெள்ளையாகத் திரியும். அது குளோரைடு. அடுத்தடுத்த பற்றில் அந்த வெள்ளை குறைகிறதா என்று குறித்துவை. இதைச் சத்திரத்துத் திண்ணையில் உட்கார்ந்தே செய்யலாம். இதைச் செய்து பார்த்தவனுக்கு ரசாயன வகுப்பில் வாத்தியார் சொல்வது சட்டென்று ஏறும்.

அப்புறம் சுண்ணாம்பு. இதற்கு உனக்கு வீட்டிலேயே வாத்தியார் இருக்கிறார். உன் அப்பா கொத்தனார். அவர் கையால் கிளிஞ்சல் சுண்ணாம்பு நீற்றியிருப்பார், அல்லது நீற்றியவர்களைப் பார்த்திருப்பார். காளவாயில் சுட்ட கிளிஞ்சலில் தண்ணீர் தெளித்ததும் அது சீறி, வெடித்து, ஆவி கிளப்பிப் பூவாக உதிர்வதைப் பக்கத்தில் நின்று பார். கண்ணாடி போட்டுக்கொள், கண்ணில் பட்டால் கண் போய்விடும். சலித்து, தண்ணீருக்குள் ஊறவிட்டு, மணலோடு அரைத்து, அந்தக் காரையை விரலால் நசுக்கிப் பார். இன்றைக்கு அரைத்ததற்கும் மாதக்கணக்கில் ஊறியதற்கும் உள்ள வித்தியாசம் விரலுக்குத் தெரிய வேண்டும். எந்த இணையவழி வகுப்பும் இதைத் தர முடியாது. காணொளியில் காட்டலாம், அவ்வளவுதான்.

கடுக்காய் பற்றி ஒரு வார்த்தை. கடுக்காயும் வெல்லமும் கலந்த நீர் சேர்த்தால் ஆயிரம் வருஷம் நிற்கும் என்று இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். சேர்க்கலாம், பழைய வழக்கம்தான், காரை இழைவதற்கு உதவும். ஆனால் சுண்ணாம்பு சரியாகச் சுடப்படாமல், மணலில் உப்பு இருந்து, பூசிய பிறகு நனைத்துப் பராமரிக்காமல் விட்டால் கடுக்காய் ஒன்றும் செய்யாது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மெதுவாகத்தான் இறுகும். பில் பாஸாக வேண்டிய தேதிக்கு அது இறுகாது. மார்ச் மாதத்துக்குள் பணத்தைச் செலவழித்தாக வேண்டும் என்ற அவசரத்தில் கெட்ட பூச்சுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் ஆன பிறகு படிப்பு. ரசாயனம் உன்னை இழுத்தால் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் பக்கம் போ. அங்கே 1930-லேயே ரசாயனப் பாதுகாப்புக் கூடம் தொடங்கினார்கள். எஸ். பரமசிவன் அங்கிருந்துதான் பச்சைக் களிம்பேறிய செப்புத் திருமேனிகளை மின்பகுப்பு முறையில் மீட்டார். தஞ்சைப் பெரிய கோயில் சோழர் ஓவியங்களின் சாந்தையும் வண்ணத்தையும் ஆராய்ந்தவரும் அவர்தான். அந்த ஓவியங்கள் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் இருப்பதை 1931-ல் கண்டு சொன்னவர் நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி. பல்கலைக்கழகம் தொடங்கி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. சரித்திர வாத்தியார் இருட்டில் விளக்கைப் பிடித்துக்கொண்டு உரிந்த பூச்சுக்குப் பின்னால் பார்த்தார், ரசாயனம் படித்தவர் அதன் பொருளைப் பிரித்துச் சொன்னார். இரண்டு படிப்பும் தேவைப்பட்டன. நம் சிதம்பரம் கோயிலில் சிவகாமியம்மன் சந்நிதி விதானத்தில் நாயக்கர் கால ஓவியங்கள் இருக்கின்றன, அடிக்கடி போகிற இடம்தானே. அடுத்த முறை கழுத்தை நிமிர்த்தி, எங்கே நீர் இறங்கியிருக்கிறது என்று பார்.

லக்னோவில் 1976-ல் தொடங்கிய, பண்பாட்டுச் சொத்துகளின் பாதுகாப்புக்கான தேசிய ஆய்வகம் இருக்கிறது, பணியில் இருப்பவர்களுக்குப் பயிற்சி தருவது அதன் வேலைகளில் ஒன்று. விரிசல், தளர்வு, பாரம் என்று உன் சந்தேகம் கட்டமைப்பின் பக்கம் போனால் சென்னை ஐ.ஐ.டி.யில் மரபுக் கட்டடங்களின் பாதுகாப்புக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது. வளைவும் கவிமாடமும் கையால் கட்டிப் பழக ஆரோவில் மண் கட்டடக் கழகத்துக் குறுகிய வகுப்புகள் நல்லவை, உனக்கு அது பஸ் தூரம். மரபுப் பாதுகாப்புக்காக 1984-ல் தொடங்கிய இன்டாக் அமைப்பின் வகுப்புகள், நாட்டின் வேறு மூலைகளில் இதே வேலை செய்பவர்களைச் சந்திக்க உதவும். ரோமில் உள்ள ஐக்ரோம், இந்தத் துறைக்கான பன்னாட்டுப் பயிற்சி நிலையம். அதைத் தொடங்கும் தீர்மானத்தை யுனெஸ்கோ எடுத்தது 1956-ல் டெல்லியில் நடந்த மாநாட்டில்தான். அங்கே போக ஆசைப்படு, தப்பில்லை. ஆனால் அவர்கள் வேலை அனுபவத்தைக் கேட்பார்கள்.

கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொள். இதை மட்டும் காத்திருக்காமல் இப்போதே தொடங்கு. தமிழ்நாடு தொல்லியல் துறையின் பட்டயப் படிப்பு முதுகலை முடித்தவர்களுக்கு, அது உனக்குப் பொருந்தாது. வேறு அமைப்புகள் அவ்வப்போது நடத்தும் சிறிய பயிலரங்குகளே போதும். சிதம்பரம் கிழக்குக் கோபுர வாயிலில் 108 கரணச் சிற்பங்களோடு நாட்டிய சாஸ்திரத்துச் சுலோகங்களைக் கிரந்தத்தில் வெட்டியிருக்கிறார்கள். அதைப் படிக்கத் தெரியாதவனுக்கு அது அழுக்குப் படிந்த கல். அழுக்கு என்றால் மணல்வீச்சு இயந்திரத்தைக் கொண்டுவா என்பார்கள். அப்படித்தான் எத்தனையோ கோயில்களில் கருங்கல்லின் மேல்தோலும் எழுத்தும் சேர்ந்து போயின. பிறகுதான் தடை வந்தது. 2017-ல் யுனெஸ்கோ குழு சென்னை உயர் நீதிமன்றத்தில் அறிக்கை கொடுத்தது, தகுதியுள்ள ஆட்கள் இல்லாமலே கோயில்களில் வேலை நடக்கிறது என்று. 2021 ஜூனில் அதே நீதிமன்றம் 75 உத்தரவுகள் போட்டது. ஆள் வேண்டும் என்று தீர்ப்பு எழுதிவிடலாம், ஆள் உருவாக உன்னைப் போன்றவர்கள் சாரத்திலிருந்து இறங்கி வகுப்புக்கும், வகுப்பிலிருந்து மறுபடி சாரத்துக்கும் போய்வர வேண்டும்.

ஒரு வகுப்பில் பணம் கட்டுமுன் போன் போட்டுக் கேள்: கொத்தனாரோ ஸ்தபதியோ யாராவது பாடம் எடுக்கிறார்களா? உண்மையான கட்டடம் ஒன்றைக் கொடுத்து அதன் நிலையை எழுதச் சொல்வார்களா? இரண்டுக்கும் இல்லை என்றால், சான்றிதழ் காகிதம் கெட்டியாக இருக்கும் என்பதோடு சரி. பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடத்துவார்கள். அதற்காக ஒடுங்காதே. உன் அப்பா சொல்கிற ஓதம், பற்று, சுதை எல்லாவற்றையும் தைரியமாக வகுப்பில் சொல். அவற்றை அங்கே அவர்கள் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

அங்கே உனக்கு 1964 வெனிஸ் சாசனம் சொல்லித் தருவார்கள். ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்பு வேலை நிற்க வேண்டும், ஒவ்வொரு காலத்துச் சேர்க்கையையும் மதிக்க வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல விதி. ஆனால் நீ திரும்பி வருவது பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை குடமுழுக்கு நடக்கும் ஊருக்கு. திருவதிகைக் கோயில் சுதைச் சிற்பங்களுக்கு ஒவ்வொரு திருப்பணியிலும் வண்ணம் பூசவே கூடாது என்று வாதாடினால் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அது வழிபாட்டில் உள்ள கோயில். எந்தப் பெயின்ட், சுதை மூச்சுவிட இடம் கொடுக்குமா, உடைந்த விரலை சிமென்ட்டில் செய்வதா சுண்ணாம்பிலா, பழைய வண்ண அடுக்கைச் சுரண்டும் முன் ஒரு துண்டை அப்படியே விட்டுவைக்கலாமா? உன் சண்டையை இந்த இடங்களில் போடு. இங்கே நீ ஜெயிக்கலாம்.

கடைசியாக ஒன்று, இதற்கு எந்த வகுப்பும் தேவையில்லை. எதைத் தொடுமுன்னும் அளந்து, வரைந்து, படம் எடுத்துவை. புதுச்சேரி கடற்கரையில் இருந்த ‘மேரி’ என்ற பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே உருவத்தில் புதிதாகக் கட்டி 2021-ல் திறந்தார்கள். அளவும் படமும் இல்லாத கட்டடத்துக்கு அந்த யோகம்கூடக் கிடைக்காது. கடலூர் மாவட்டத்தில் 2011 தானே புயலில் எத்தனை ஓட்டுக் கூரைகள் பறந்தன என்பது உனக்கே நினைவிருக்கும், அவை எப்படி இருந்தன என்று காட்ட யாரிடம் தாள் இருக்கிறது? புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் 1950-களிலிருந்து எடுத்த கோயில் படங்கள் லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. சிதம்பரத்துத் தெருக்களைக் காட்டும் படம் ஏதாவது இருக்கிறதா என்று எழுதிக் கேள். சத்திரத்தின் முகப்பு எதிலாவது ஓரமாக விழுந்திருக்கலாம்.

ஐப்பசி மழைக்கு முன் சுவரில் ஓதக் கோட்டைக் கரிக்கட்டியால் குறித்துத் தேதி போடு. தை பிறந்ததும் இன்னொரு கோடு. சித்திரையில் மூன்றாவது. மூன்றையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு, எந்த வகுப்பு என்று அப்போது பேசுவோம். டெல்லி வகுப்புக்கு முன்பணம் கட்டியிருந்தால் திருப்பித் தருவார்களா என்று இந்த வாரமே கேட்டுவிடு.

அன்புடன்,
உன் அண்ணன்
சிதம்பரம்